பிடித்த மியூசிக் பேண்டை நேரில் பார்க்க எங்கே போகலாம்: சென்னையா, பெங்களூருவா, புதுச்சேரியா?

"அண்ணா, எனக்குப் பிடிச்ச பேண்ட் அடுத்த மாசம் சென்னையில வாசிக்கிறாங்க. டிக்கெட் போடவா, இல்ல நம்ம பக்கம் வரும்போது பாத்துக்கலாமா?"

கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. மஞ்சக்குப்பத்தில் தங்கிக் கல்லூரி படிப்பவரும் கேட்கிறார், லாஸ்பேட்டையிலிருந்து வேலைக்குப் போய் வருபவரும் கேட்கிறார். பதில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒவ்வொரு வழியிலும் கிடைப்பது என்ன, கையைக் கடிப்பது என்ன என்று பிரித்துச் சொல்கிறேன்.

சினிமாப் பாடகர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் ஏதாவது ஒரு மைதானத்தில் பார்த்துவிடலாம். இண்டி பேண்டுகளின் கதை வேறு. நாலைந்து பேர் சேர்ந்து, பெரும்பாலும் சொந்தக் காசில் ஆல்பம் போட்டு, வருடத்துக்குச் சில ஊர்களில் மட்டும் வாசிப்பவர்கள் அவர்கள். தி எஃப்16ஸ், ஸ்கிராட் இரண்டும் சென்னையிலிருந்து வந்தவை. அகம் பெங்களூரு. தைக்குடம் பிரிட்ஜும் வென் சாய் மெட் டோஸ்ட்டும் கொச்சி. இப்படிப்பட்ட பேண்டுகள் டூர் அறிவித்தால் அந்தப் பட்டியலில் பெருநகரங்களின் பெயர்தான் இருக்கும், கடலூரைத் தேடிப் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. இத்தகைய பேண்டுகள் சீக்கிரம் கலைகின்றன. டிரம்மர் வெளிநாடு போவார், பாடகர் தனியாக ஆல்பம் போடுவார், அத்தோடு அந்தக் கூட்டணி முடிந்துவிடும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

டிக்கெட் விலையைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, பேண்ட் எவ்வளவு நேரம் வாசிக்கப் போகிறது என்பது. அவர்கள் பெயரில் மட்டும் நடக்கும் ஷோ என்றால் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். பல பேண்டுகள் வாசிக்கும் விழா என்றால் முப்பது, நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். அதில் எல்லோருக்கும் தெரிந்த ஆறேழு பாட்டுதான் வரும். நீங்கள் ராத்திரியில் தனியாகக் கேட்கும் அந்த மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு வராது.

இரண்டாவது, மேடைக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது. ராக் இசைக்கு இது மிக முக்கியம். இருநூறு பேர் நிற்கும் அறையில் கிட்டாரிஸ்டின் கால் அருகே இருக்கும் பெடல் வரிசையைப் பார்க்க முடியும். எந்த வரி முடியும்போது எந்தப் பெடலை மிதிக்கிறார், அடுத்த நொடி அந்த மெல்லிய ஒலி எப்படிக் கரகரத்துப் பெருகுகிறது என்பது கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் புரியும். டிரம்மர் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவதும், பாட்டுக்கு நடுவில் பேஸ் வாசிப்பவர் அவரைப் பார்த்துத் தலையசைப்பதும், தரையில் டேப் போட்டு ஒட்டியிருக்கும் பாட்டுப் பட்டியலும் தெரியும். ஹெட்போனில் வருடக்கணக்காகக் கேட்ட பாட்டு நான்கு மனிதர்களின் கைவேலை என்று உடம்புக்கு உறைப்பது அங்கேதான். பத்தாயிரம் பேர் கூடும் மைதானத்தில் நீங்கள் பார்ப்பது எல்இடி திரையைத்தான்.

மூன்றாவது, ஷோ முடிந்த பிறகு என்ன செய்வது என்பது. நம் பக்கத்து ஆட்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆகவே மைதான ஷோக்கள் பொதுவாகப் பத்துக்குள் முடியும். மூடிய அரங்குகளுக்கும் பப்களுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தாது, பதினொன்றைத் தாண்டவும் கூடும். சென்னைக்காரருக்கு இது பெரிய விஷயம் இல்லை. கடலூருக்குத் திரும்ப வேண்டியவருக்கு அந்த ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

அதற்குப் பிறகுதான் ஒலித்தரம், மொத்தச் செலவு எல்லாம்.

## சென்னை

புதுச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர், பேருந்தில் மூன்றரை, நான்கு மணி நேரம். கடலூரிலிருந்து கிளம்பினால் இன்னொரு மணி நேரம் சேரும். எந்த இடத்தில் ஷோ என்பதைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். "சென்னை" என்று போஸ்டரில் இருந்தாலும் பனையூருக்கும் எழும்பூருக்கும் நடுவில் ஒரு மாலைநேரப் போக்குவரத்து இருக்கிறது.

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்றால் போக்குவரத்து எளிது. பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் உண்டு. ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு போய்விடலாம், ஈசிஆர் வழிப் பேருந்து அங்கிருந்து கிடைக்கும். வேளச்சேரி பக்கம் மால் வளாகங்களில் நடக்கும் ஷோ என்றால் திருவான்மியூர் வந்து ஏறுவது நல்லது. திண்டிவனம் வழியாகப் போகும் வண்டியைப் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நகரத்தின் நடுவிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர இரவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆட்டோவோ டாக்சியோ பிடித்தால் ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தைவிட அது அதிகமாக வரும்.

ஈசிஆரில் நடக்கும் ஷோ நமக்கு வசதி என்று தோன்றும். நம்மூர்ப் பேருந்து அந்த வழியாகத்தானே போகிறது, வழியிலேயே இறங்கிக்கொள்ளலாமே! போகும்போது அது உண்மைதான். திரும்பும்போது நிலைமை வேறு. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், நடுவழியில் கைகாட்டி ஏறுவதை நம்ப முடியாது. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், சாலை ஸ்தம்பித்தது. இண்டி பேண்டுக்கு அவ்வளவு கூட்டம் வராது. ஆனால் அதே சாலைதான், அதே ஒற்றை வாசல்தான்.

இரவே திரும்புவது. பத்து மணிக்கு முடியும் ஷோ என்றே வைத்துக்கொள்வோம். வெளியே வரப் பத்தரை, பேருந்து ஏறப் பதினொன்றரை. புதுச்சேரி நிலையத்தில் இறங்கும்போது மூன்று மணி, கடலூரில் நான்கு. அந்த நேரத்தில் வீட்டுக்கு ஆட்டோ கிடைக்குமா, அழைத்துப்போக யாராவது வருவார்களா என்று பார்க்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு ரயில் இன்னொரு வழி. தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் எழும்பூரிலிருந்து கிளம்பிக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையம் வழியாகப் போகிறது. எழும்பூர் பக்கத்தில் ஷோ என்றால் அருமையான பொருத்தம். ஆனால் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டு ஓடும் நிலை வந்தால் அதற்குப் போகாமலே இருக்கலாம். பெரும்பாலான பேண்டுகள் தங்கள் மிக நல்ல பாட்டை அங்கேதான் வைத்திருக்கும்.

தங்கிவிட்டு வருவது. என் ஓட்டு இதற்குத்தான். எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ சுமாரான லாட்ஜில் இருவர், மூவர் சேர்ந்து அறை எடுத்தால் தலைக்கு வரும் செலவு அவ்வளவு பெரிதில்லை. உறவினர் வீடு இருந்தால் அதுவும் மிச்சம். சனிக்கிழமை ஷோ என்றால் ஞாயிறு காலை டிபன் முடித்துவிட்டு நிதானமாக வரலாம், விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஷோவுக்கு அரைநாள் விடுப்புப் போகும், அதையும் செலவில் சேருங்கள். பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ போகும்போது நள்ளிரவுப் பேருந்தைவிட இது எவ்வளவோ மேல். அறையை முன்கூட்டியே பேசி வைத்து, வீட்டிலும் முகவரியைச் சொல்லிவிட்டால் அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார், உங்களுக்கும் பாட்டில் மனம் நிற்கும்.

சென்னையிலேயே செலவில்லாத வழிகளும் உண்டு. நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் டிசம்பரில் நடத்திவரும் 'மார்கழியில் மக்களிசை' இசைவிழா அவற்றில் ஒன்று. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் தன் முதல் ஷோவை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடத்தியது. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் தமிழில் சத்தமாக ஒலிக்க முடியும் என்று காட்டிய இரவு அது. ஜனவரியில் ஐஐடியின் சாரங் விழாவுக்கு வெளியூர் ராக் பேண்டுகள் வருவதுண்டு. கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையோடு நுழைவு விதிகளை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

## பெங்களூரு

புதுச்சேரியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக இரவுப் பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். வெள்ளி இரவு ஏறி, சனிக்கிழமை ஷோ பார்த்து, ஞாயிறு கிளம்பி வருவதுதான் சரியான வழி. சனி இரவே திரும்பினால் இரண்டு இரவுத் தூக்கம் போய்விடும்.

இதில் யாரும் கணக்கில் சேர்க்காத செலவு காலை ஆறு மணிக்கு வருகிறது. பேருந்து இறக்கிவிடும், அறையோ மதியம் பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே உள்ளே விடக் கூடுதல் பணம் கேட்பார்கள், இல்லையென்றால் பையோடு ஊர் சுற்ற வேண்டும். நகருக்குள் போய் வரும் டாக்சிச் செலவும் சென்னையைவிட உங்களை மிரட்டும்.

அப்படியிருந்தும் சில நேரங்களில் பெங்களூருதான் சரி. வெளிநாட்டு இண்டி பேண்ட் இந்தியா வரும்போது மும்பை, டெல்லி, பெங்களூரு என்று மூன்றோடு முடித்துவிட்டுச் சென்னையைத் தாண்டிப் போவது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்க பேண்டான தி ஸ்ட்ரோக்ஸ் 2023 ஜனவரியில் மும்பை லொல்லபலூசா இசைவிழாவில் வாசித்தபோது தெற்கிலிருந்து ரசிகர்கள் மும்பைக்கே போக வேண்டியிருந்தது. பெங்களூரு அதற்குப் பாதித் தூரம்கூட இல்லை. இன்னொரு காரணம், பெங்களூருவையே சொந்த ஊராகக் கொண்ட பேண்டுகளின் ஆல்பம் வெளியீட்டு ஷோ. சொந்த ஊரில் நண்பர்களை மேடைக்கு அழைப்பார்கள், நீளமாக வாசிப்பார்கள். சென்னைக்கு வரும் பேண்டுக்காகப் பெங்களூரு போகத் தேவையே இல்லை.

## புதுச்சேரி, ஆரோவில்

கடலூரிலிருந்து கன்னியகோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ராத்திரி திரும்பவும் வண்டி கிடைக்கும். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. இவ்வளவு வசதியும் கையில் இருக்கும்போது ஏன் வெளியூர் போக வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

நம்மூரின் பெரிய வரம் ஜூன் 21-ஐ ஒட்டி வரும் ஃபெட் த லா மியூசிக். 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள் இது. கட்டணம் கிடையாது, இசைக்கலைஞர்கள் தெருவில் இறங்கி வாசிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இதை நடத்துகிறது. உள்ளூர் பேண்டுகள், ஆரோவில் இசைக்கலைஞர்கள், வெளியூர் ஆட்கள் என ஒரே மாலையில் பலரைக் கேட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் இல்லை. பதினைந்து வயதுப் பையன் கரகரக்கும் ஒரு டிஸ்டார்ஷன் கிட்டாரை முதன்முறை பக்கத்தில் நின்று கேட்பது காசில்லாமல் நடக்கிறது என்றால் அதற்கு இந்த ஊர் பெருமைப்படலாம்.

ஆனால் உங்களுக்குப் பிடித்த *அந்தப்* பேண்டுக்காக இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். யார் வாசிக்கிறார்கள் என்பது கடைசி வாரங்களில்தான் தெரியவரும். வந்தாலும் அரை மணி நேரம்தான். கடற்கரைப் பக்கம் திறந்த மேடை என்றால் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துப் பாட்டு வரிகள் அடித்துக்கொண்டு போகும். மாலை ஆறுக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

ஆரோவிலில் நடக்கும் நிகழ்ச்சிகளில் கூட்டம் குறைவு, கேட்பவர்கள் பேசாமல் கேட்பார்கள், ஒலியும் கவனத்தோடு அமைக்கப்பட்டிருக்கும். இருநூறு பேர் அறையில் கிடைக்கும் நெருக்கம் நம் பக்கத்திலேயே கிடைக்கும் இடம் அது. போய் வரச் சொந்த வண்டி வேண்டும், உள் சாலைகளில் இரவில் வெளிச்சம் குறைவு. சில நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு கேட்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

## ஒரே பார்வையில்

| | சென்னை, இரவே திரும்பினால் | சென்னை, தங்கினால் | பெங்களூரு | புதுச்சேரி / ஆரோவில் |
|---|---|---|---|---|
| வாசிக்கும் நேரம் | முழு ஷோ, கடைசிப் பாட்டு சந்தேகம் | முழு ஷோ | முழு ஷோ, சில நேரம் கூடுதலும் | பெரும்பாலும் அரை மணி |
| மேடை நெருக்கம் | அரங்கைப் பொறுத்தது | அரங்கைப் பொறுத்தது | அரங்கைப் பொறுத்தது | மிக நெருக்கம் |
| டிக்கெட் | உண்டு | உண்டு | உண்டு | பெரும்பாலும் இல்லை |
| பெரிய செலவு | நள்ளிரவு ஆட்டோ, மறுநாள் களைப்பு | அறை | அறை, டாக்சி, விடுப்பு | பெட்ரோல் |
| யாருக்கு | எழும்பூர், நந்தனம் ஷோவுக்கு இருவராகப் போகிறவர்களுக்கு | பிடித்த பேண்டை முதன்முறை பார்ப்பவர்களுக்கு | சென்னைக்கு வராத பேண்டின் ரசிகர்களுக்கு | புதிய பேண்டுகளைத் தேடுபவர்களுக்கும் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் |

## டிக்கெட்டில் எழுதாத விஷயங்கள்

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற டிக்கெட் செயலிகளில் பார்க்கும் விலை இறுதி விலை இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் கன்வீனியன்ஸ் ஃபீயும் அதற்கு வரியும் சேரும். அந்தக் கடைசித் தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். பல இடங்களில் தண்ணீர் பாட்டிலும் பெரிய பையும் உள்ளே விடமாட்டார்கள். ஊரிலிருந்து மாற்றுத்துணியோடு வருபவர்கள் பையை அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும், இரவே திரும்புகிறவர்களுக்கு இதுவே தலைவலி. பார் உள்ள இடம் என்றால் 21 வயது நிபந்தனை இருக்கும், வாசலில் ஆதார் காட்டச் சொல்வார்கள். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் இதைப் படிக்காமல் டிக்கெட் வாங்கிவிட்டால் பணம் திரும்பாது.

மழையையும் மறக்காதீர்கள். ஷோக்கள் அதிகம் நடக்கும் மாதங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30-இல், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30-இல். இந்த மாதங்களில் திறந்தவெளி ஷோவும் மூடிய அரங்கு ஷோவும் எதிரெதிரே இருந்தால் அரங்கைத் தேர்ந்தெடுங்கள். ரத்தானால் டிக்கெட் பணம் வரும், அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் வராமல் போகலாம். ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் பாருங்கள்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பு சராசரி 100 டெசிபல். சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அதை எளிதில் எட்டிவிடும். நுரை காதடைப்பான் மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. போட்டுக்கொண்டால் பாட்டு கெடாது, மறுநாள் காதில் ரீங்காரம் இருக்காது. எங்கே நிற்பது என்று கேட்டால், ஒலியைச் சரிசெய்யும் மேசை, அதாவது மிக்ஸிங் கன்சோல், இருக்கும் இடத்துக்கு முன்னால் நில்லுங்கள். ஒலியைச் சரிசெய்பவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் அமைப்பார், அங்கே கேட்பதுதான் பேண்ட் நினைத்த ஒலி. முதல் மூன்று பாட்டை மேடை ஓரத்தில் பார்த்துவிட்டுப் பிறகு கன்சோல் பக்கம் வந்துவிடுவது இரண்டையும் அனுபவிக்கும் வழி.

## வீட்டிலிருந்தே

பரீட்சை, குழந்தை, பண நெருக்கடி, எதுவாகவும் இருக்கலாம், போக முடியாத நேரம் எல்லோருக்கும் வரும். யூடியூபில் முழு ஷோக்களும் ஸ்டுடியோ லைவ்களும் இருக்கின்றன. போனில் பார்க்காமல் டிவியோடு நல்ல ஸ்பீக்கரை இணைத்து, விளக்கணைத்து, ஒரே மூச்சில் பாருங்கள். நேரில் பார்ப்பதற்கு இது ஈடாகாது, ஆனால் அடுத்த முறை பேண்ட் பக்கத்தில் வரும்போது எந்தப் பாட்டை எப்படி மாற்றி வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கே அனுப்ப வழியுண்டு. பேண்டுகள் நேரடியாக ஆல்பம் விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் வாங்கினால் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி பேண்டுக்குச் சேரும். டி-ஷர்ட் விற்கிறார்கள் என்றால் அதையும் வாங்கலாம். அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தில் "புதுச்சேரிக்கு வாங்க" என்று எழுதுங்கள், நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊரில் தங்களைக் கேட்கிறார்கள் என்று சின்னப் பேண்டுகள் அந்தக் கமெண்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன.